சக்கரம் தொங்கும்போது

பிரஸ் அக்கா முதன்முதலாகக் காருக்கு அடியில் படுத்தபோது அவளுக்கு வயது ஐம்பத்து மூன்று. அதுவரை அந்தக் காரின் பானெட்டைத் திறக்கக்கூட அவளுக்கு உரிமை இருந்ததில்லை. கழுவலாம், மிதியடிகளை எடுத்துத் தட்டலாம், பின் சீட்டில் உட்கார்ந்து போகலாம். அதோடு சரி.

அவளுக்கு அந்தப் பெயர் வைத்தது மருத்துவமனையில். அங்கே துணிப் பிரிவில் இருபத்திரண்டு வருடமாக வேலை. துவைத்து வந்த படுக்கை விரிப்புகளைச் சூடான உருளைகளுக்கு நடுவே விட்டு இழுக்கும் பெரிய இயந்திரத்தில் நிற்பவள் என்பதால் பிரஸ் அக்கா. நீளமான அறை, மேலே இரண்டே இரண்டு மின்விசிறி, எந்நேரமும் ஆவி. அவள் முழங்கைவரை பழைய சூட்டுத் தழும்புகள் கோடுகோடாக இருந்தன. நனைந்த விரிப்புகளைத் தூக்கித் தூக்கித் தோள் உரமேறியிருந்தது. அந்தத் தோளைப் பற்றி அவள் கணவருக்கு ஒரு கேலி உண்டு. "எம் பொண்டாட்டிய நுகத்தடியில பூட்டலாம், ஆனா யோசிக்க மட்டும் விட்டுடக் கூடாது" என்பார். கேட்டவர்கள் சிரிப்பார்கள். அவளும் சிரித்து வைப்பாள்.

கணவரை எல்லோரும் போர்மேன் என்றே கூப்பிட்டார்கள். ஒரு போக்குவரத்துக் கம்பெனியின் வண்டிக் கொட்டகையில் முப்பத்தொரு வருடம் இருந்தவர், அதில் பதினெட்டு வருடம் அங்கே அவர் வைத்ததுதான் சட்டம். அவருடைய காதைப் பற்றிக் கதை கதையாகச் சொல்வார்கள். வண்டி வாசலுக்கு வருவதற்குள் எந்த நட்டு தளர்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவாராம். அது பொய்யில்லை, அவளே பார்த்திருக்கிறாள். அந்தக் காதுக்குக் கொஞ்சமும் குறையாத வாய் அவருக்கு. வேலை தெரியாதவனைத் திட்ட மாட்டார். நாலு பேர் நடுவில் நிறுத்தி, மெதுவாக, சிரித்துக்கொண்டே, அவன் அப்பன் வரைக்கும் போய்த் திரும்புவார்.

வீட்டில் நாலு பேர் தேவைப்படவில்லை. அவள் ஒருத்தியே போதும்.

மகள் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த காலத்தில் அவளுக்குத் துணிப் பிரிவின் மேற்பார்வையாளர் வேலைக்கு நேர்முகத் தேர்வு வந்தது. கடிதம் வந்த அன்று அவள் வேலையில் இருந்தாள். போர்மேன் பிரித்துப் படித்துவிட்டு, "பதினாறாம் தேதியாம்" என்றார். அவள் பதினாறாம் தேதி நல்ல புடவை கட்டிக்கொண்டு போய் நின்றாள். தேர்வு பதினைந்தாம் தேதியே முடிந்திருந்தது. திரும்பி வந்து கேட்டபோது அவருடைய உதட்டின் இடது ஓரம் மட்டும் லேசாக மேலே போனது. "படிக்கத் தெரிஞ்சவ, நீயே ஒரு தடவ பாத்திருக்கலாமே?" அந்த ஞாயிற்றுக்கிழமையே நண்பர்களிடம் இதை ஒரு நகைச்சுவையாகச் சொன்னார். அவள் டீ கொண்டுவந்து வைத்தாள்.

போர்மேன் ஓய்வு பெற்ற மறுவருடம் பக்கவாதம் வந்தது. வலது கை, வலது கால் இரண்டும் போயின. வாய் தப்பியது. அது தப்பியிருக்க வேண்டாம் என்று அவள் நினைத்த நாட்கள் உண்டு. நினைத்ததற்காக வெட்கப்பட்ட நாட்கள் குறைவு.

வாரம் இரண்டு முறை அவரைப் பயிற்சி சிகிச்சைக்கு அழைத்துப் போக வேண்டும். கார் வாசலில் நின்றது, ஓட்ட ஆள் இல்லை. அவள் ஓட்டுநர் பள்ளியில் சேர்ந்து, ஆறு வாரத்தில் உரிமம் வாங்கினாள். பக்கத்து சீட்டில் போர்மேனைச் சாய்த்து உட்காரவைத்து பெல்ட் போட்டுவிடுவாள். வீட்டிலிருந்து சிகிச்சை நிலையம்வரை இருபது நிமிடம். அந்த இருபது நிமிடமும் அவர் வாய் ஓயாது. "கியரா அது, உங்க துணி மிஷின் லீவரா?" "பிரேக்க மிதி, ஏறி உக்காராத." அவள் ஸ்டீயரிங்கை இறுகப் பிடித்திருப்பாள். கண் ரோட்டில் இருக்கும்.

வெளியுலகம் என்று அவருக்கு மிச்சமிருந்தது ஞாயிற்றுக்கிழமை. கொட்டகையில் அவருக்குக் கீழே வேலை பார்த்த இரண்டு பேர் அன்று வருவார்கள். ஒருவன் ஒல்லி, இப்போது தொந்தி வைத்துவிட்டாலும் பெயர் அதுதான். இன்னொருவர் வெல்டர். பிடிபடாத வண்டிச் சத்தத்தைப் போனில் பதிவு செய்து கொண்டுவந்து, அவர் காதருகே வைப்பார்கள். போர்மேன் கண்ணை மூடிக் கேட்பார். "வாட்டர் பம்ப். பேரிங் போயிடுச்சு. நாளைக்கே கழட்டு." மறுவாரம் ஒல்லி வந்து, "அண்ணே, நீங்க சொன்னதேதான்" என்பான். அப்போது அந்த முகத்தில் வரும் களை வாரம் முழுக்க அவள் ஊட்டிய சாப்பாட்டில் வந்ததில்லை.

டொக் என்ற சத்தத்தை முதலில் கேட்டதும் அவர்தான். வேகத்தடையில் ஏறி இறங்கும்போது முன்பக்கம், இடது பக்கம்.

"புஷ் போச்சு" என்றார்.

"அப்படின்னா?"

"உனக்குச் சொல்லி என்ன ஆகப்போகுது? சக்கரத்தப் புடிச்சிருக்கிற இரும்புக் கை ரெண்டு இருக்கு. அது வண்டியோட சேர்ற இடத்துல ரப்பர் வெச்சிருப்பான். அந்த ரப்பர் செத்துப்போச்சு. போதுமா?"

வெளிப் பட்டறைக்கு விடலாம் என்றாள். அவருக்குக் கோபம் தலைக்கேறியது. அவர் உயிரோடிருக்கும்போது அவர் வண்டியை வேறு எவனும் தொடக் கூடாது. ஒல்லி வந்து மாற்றித் தருவதாகச் சொன்னான். அடுத்த ஞாயிறு என்றான், அதற்கடுத்த ஞாயிறு என்றான், மூன்றாவது ஞாயிறு ஒரு கல்யாணம் என்றான். இதற்குள் சத்தம் வலது பக்கமும் வந்து, டயரின் உள்விளிம்பு வழுக்கையாகத் தேய்ந்திருந்தது. திங்கட்கிழமை வேலையிலிருந்து இரண்டு நாள் விடுப்பு கேட்டாள்.

"நானே மாத்தறேன்" என்றாள் வீட்டுக்கு வந்து.

போர்மேன் அவளை ஏற இறங்கப் பார்த்தார். அப்புறம் சிரித்தார். பாதி முகம்தான் சிரித்தது, ஆனால் மனம் குளிர்ந்த சிரிப்பு. "என் நாற்காலியத் தூக்கி ஷெட்டுக்கு முன்னால போடு. இத நான் பாக்கணும்."

அப்படியே போட்டாள். தகரக் கூரை போட்ட சின்ன ஷெட் அது. சுவரில் அவருடைய ஸ்பானர்கள் அளவு வாரியாகத் தொங்கின. சக்கர நட்டுகளை முதலில் தளர்த்திவிட்டு ஜாக்கி வைத்துத் தூக்கி, இரும்பு ஸ்டாண்டுகளின் மேல் வண்டியை உட்காரவைத்தாள். ஆட்டிப் பார்த்தாள், அசையவில்லை. முன்சக்கரம் இரண்டையும் கழற்றினாள். அட்டையை விரித்துப் படுத்து உள்ளே போனபோது பழைய சேறு பொலபொலவென்று கண்ணில் விழுந்தது.

"கண்ண மூடிக்கிட்டு வேலை பாக்கறது துணிப் பிரிவுல பழக்கம் போல" என்று நாற்காலியிலிருந்து குரல் வந்தது.

அவர் சரியாகத்தான் வழி சொன்னார். ஒவ்வொரு வழியோடும் ஒரு குத்தல் வரும், அவ்வளவே. எந்த போல்ட்டை முதலில் எடுப்பது, இரும்புக் கையைச் சக்கரத்தோடு இணைக்கும் பால் ஜாயிண்ட்டை எங்கே தட்டினால் விடும், எல்லாம் சொன்னார். துரு ஏறிய போல்ட் ஒன்று அசையவே இல்லை. எண்ணெய் விட்டுக் காத்திருந்து, ஸ்பானரின் வாலில் நீளக் குழாயைச் செருகி, முழு உடம்பையும் கொடுத்து இழுத்தாள். விரல் முட்டி அடிச்சட்டத்தில் மோதி, தோல் பிய்ந்து ரத்தம் வந்தது. போர்மேன், "பெயிண்ட்ல படாம பாத்துக்க" என்றார்.

மதியத்துக்குள் இரண்டு இரும்புக் கைகளும் வெளியே வந்துவிட்டன. இங்கேதான் அவள் மாட்டிக்கொள்வாள் என்று போர்மேன் காத்திருந்தார். புஷ் என்பது இரும்பு உறைக்குள் ரப்பர். அந்த ரப்பருக்கு நடுவில் இன்னொரு இரும்புக் குழாய், அதன் வழியாகத்தான் போல்ட் போகும். அந்த உறை இரும்புக் கையின் வளையத்துக்குள் இறுகிக் கிடக்கும். கொட்டகையில் அதற்கென்று அழுத்தும் இயந்திரம் இருந்தது, வீட்டில் இல்லை.

"இப்ப என்ன செய்வீங்க மகாராணி? பல்லால கடிச்சு எடுப்பீங்களா?"

அவள் அந்த வளையத்தைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். துணிப் பிரிவில் உருளையின் பேரிங் போனால், பராமரிப்பு ஆள் அதை எப்படி வெளியே இழுப்பார் என்பதை நூறு தடவை பார்த்திருக்கிறாள். ஸ்பானர்களுக்குக் கீழே இருந்த பழைய இரும்பு டப்பாவைக் கிளறினாள். ஒரு சாண் நீள போல்ட். புஷ்ஷின் அளவுக்குச் சரியாக ஒரு கெட்டி வாஷர். மறுபக்கம் வைக்க, புஷ் உள்ளே நுழையும் அளவுக்கு அகலமான ஒரு துண்டுக் குழாய். எல்லாவற்றையும் கோத்து நட்டைப் போட்டு முறுக்கினாள். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு டப் என்று ஒரு சத்தம். செத்த புஷ் மெல்ல மெல்ல நகர்ந்து குழாய்க்குள் வந்தது.

நாற்காலியிலிருந்து சத்தமே இல்லை.

திரும்பிப் பார்த்தாள். போர்மேனின் முகத்தில் ஈயாடவில்லை. இதை அவர் சொல்லித் தரவில்லை. இப்படிச் செய்யலாம் என்று அவருக்குத் தெரியும், கேட்டுக் கெஞ்சினால் சொல்லலாம் என்று வைத்திருந்தார். அவள் கேட்கவே இல்லை.

புதுப் புஷ்களை முந்தின நாளே குளிர்பெட்டியின் பனி அறையில் போட்டிருந்தாள். குளிர்ந்தால் இரும்பு கொஞ்சம் சுருங்கும் என்று அவற்றை விற்ற கடைக்காரர் சொல்லியிருந்தார். அதே போல்ட்டால், திசை மாற்றி, கைக்கு இரண்டாக நான்கையும் உள்ளே அழுத்தினாள். மறுநாள் காலை இரும்புக் கைகளை வண்டியில் திரும்ப மாட்டி, போல்ட்டுகளை விரலால் திருகி நிறுத்தினாள். வண்டி இன்னும் ஸ்டாண்ட் மேலேயே நின்றது.

"இப்பவே இறுக்கி முறுக்கட்டுமா, இல்ல சக்கரம் மாட்டி இறக்கின பிறகா?" என்று கேட்டாள். ஏன் கேட்டாள் என்று அவளுக்கே தெரியாது. கை ஏதோ தயங்கியது.

போர்மேன் அவள் கையிலிருந்த ஸ்பானரைப் பார்த்தார்.

"இப்பவேதான். தொங்கறப்பவே முறுக்கணும். நல்லா, பலம் கொண்ட மட்டும்."

பலம் அவளிடம் நிறைய இருந்தது.

அன்று சாயங்காலம் வண்டியை எடுத்துக்கொண்டு தெருவைச் சுற்றி வந்தாள். வேகத்தடையில் ஒரு சத்தம் இல்லை. பஞ்சு மாதிரி இறங்கியது. இறங்கி வந்து நின்றவள், சின்னதாக ஒரு வார்த்தைக்குக் காத்திருந்தாள். "பசிக்குது" என்றார் போர்மேன்.

இரண்டரை மாதம் நன்றாக ஓடியது. துணிப் பிரிவில் அவள் கதை பரவி, ஆம்புலன்ஸ் டிரைவர்கூட ஒருநாள் வந்து கையைக் குலுக்கிவிட்டுப் போனார். பிறகு ஒரு புதன்கிழமை, திரும்பவும் டொக். அடுத்த வாரம் இரண்டு பக்கமும். ஒருநாள் தனியாக வேலைக்குப் போகையில், மருத்துவமனையின் இறக்கத்தில் பிரேக் பிடித்தபோது வண்டி தானாக இடது பக்கம் இழுத்துக்கொண்டு போய் வாசல் தூணில் மோதியது. மெதுவாகத்தான் போனாள், அதனால் நெற்றி வீங்கியதோடு போனது. விளக்கு உடைந்தது.

வீட்டில் போர்மேன் அந்த வீக்கத்தைப் பார்த்தார். "நான்தான் சொன்னேனே, இது உனக்கு ஆகற வேலையில்லன்னு" என்றார். அன்று சாப்பாட்டில் அவர் வழக்கத்தைவிட இரண்டு வாய் கூடச் சாப்பிட்டதை அவள் கவனித்தாள்.

கடைக்காரர் மட்டமான புஷ்ஷைக் கொடுத்து ஏமாற்றிவிட்டார் என்று நினைத்து, கழற்றிய ஒன்றை எடுத்துக்கொண்டு உதிரிபாகக் கடைக்குப் போனாள். கடைக்காரர் அதைக் கையில் வாங்கி, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பொருள்ல தப்பில்லம்மா. இங்க பாருங்க, கிழிசல் ஒரே பக்கமா சுத்திக்கிட்டுப் போகுது. முறுக்கிப் பிழிஞ்ச துணி மாதிரி. வண்டி தூக்கி இருக்கறப்பவே போல்ட்ட இறுக்கிட்டாங்களா?"

"ஆமா."

"அதான். சக்கரம் தொங்கறப்ப இறுக்கினா ரப்பர் அந்த நிலையிலேயே புடிச்சிக்கும். கீழ இறக்கினதும் கை மேல ஏறும். ரப்பர் எந்நேரமும் முறுக்கிக்கிட்டே நிக்கும், ரெண்டு மூணு மாசத்துல கிழிஞ்சிடும். வண்டியோட பாரம் சக்கரத்துல இறங்கின பிறகுதான் இறுக்கணும். இது தொழில்ல அரிச்சுவடிம்மா. யார் மாத்தினது?"

"நானாத்தான் மாத்தினேன்" என்றாள். இருபத்தேழு வருடப் பழக்கம். அவரை விட்டுக்கொடுக்காமல் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

பஸ் நிறுத்தத்துக்கு வந்து உட்கார்ந்தாள். வந்த பஸ்ஸில் ஏறவில்லை. ஒருவேளை அவர் மறந்திருக்கலாம். மூளையில் அடைப்பு வந்த மனிதர், எதுவும் நடக்கலாம். அப்படி இருந்தால் நன்றாக இருக்கும் என்று, அந்தக் கடைத்தெருவில், வெயிலில், அவள் உண்மையாகவே ஆசைப்பட்டாள்.

வீட்டுக்குப் போய் அவர் முகத்தைத் துடைத்துவிட்டுக்கொண்டே சாதாரணமாகக் கேட்டாள். "திரும்ப மாத்தணும்ங்க. அந்த போல்ட்ட எப்ப இறுக்கணும்னு சொன்னீங்க?"

"எத்தன தடவ சொல்றது மரமண்டைக்கு? தொங்கறப்பவே."

உதட்டின் இடது ஓரம் லேசாக மேலே போனது.

அவள் துண்டை அலசிப் பிழிந்து கொடியில் போட்டாள்.

அந்த வாரம் முழுக்க அவள் வழக்கம்போல வேலைக்குப் போனாள். உருளைகளுக்கு நடுவே விரிப்புகள் போய்க்கொண்டிருந்தன, அவள் கை பாட்டுக்கு வேலை செய்தது, மனம் வேறொன்றை மடித்து மடித்துப் பார்த்தது. சனிக்கிழமை மதியத்துக்குள் அது மடிப்புக் கலையாமல் தயாராகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை ஒல்லியும் வெல்டரும் வந்தார்கள். ஒல்லி போனை எடுத்து ஒரு லாரியின் சத்தத்தைப் போட்டுக் காட்டினான். போர்மேன் கண்ணை மூடிக் கேட்டு, பதில் சொன்னார். எல்லோரும் சந்தோஷமாக இருந்த நேரத்தில் அவள் டீயோடு வந்தாள். தட்டில் டம்ளர்களுக்குப் பக்கத்தில் கிழிந்த புஷ் இருந்தது.

"இது என்ன அண்ணி?" என்று ஒல்லி எடுத்துப் பார்த்தான். "யாரு இப்படிக் கொன்னு வெச்சது?"

"நான்தான் தம்பி. உனக்கு நேரமில்ல, அதனால நானே மாத்தினேன். உங்க அண்ணன் பக்கத்துல உக்காந்து ஒவ்வொண்ணா சொல்லிக் குடுத்தாரு. சக்கரம் தொங்கறப்பவே இறுக்கச் சொன்னாரு, அப்படியே இறுக்கினேன். ஏன் கிழிஞ்சிதுன்னுதான் தெரியல. அது சரிதானே?"

ஒல்லி டம்ளரைக் கீழே வைத்தான். வெல்டர் தரையைப் பார்த்தார்.

"அண்ணே, நீங்களா அப்படிச் சொன்னீங்க?"

போர்மேன் அவளைப் பார்த்தார். அவள் எதுவும் தெரியாதவள் மாதிரி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

"நான் சொல்லல" என்றார்.

"பரவாயில்லங்க" என்றாள் அவள், குரலை ரொம்பத் தணித்து. "ஞாபகம் இல்லன்னா விடுங்க. போன வாரம் திரும்பக் கேட்டப்பகூட அதையேதான் சொன்னீங்க. அதுவும் ஞாபகம் இல்ல போல."

"ஏய், எனக்கு ஞாபகம் இருக்குடி!"

"இருக்குல்ல, அப்ப சொன்னீங்கதானே?"

போர்மேன் வாயைத் திறந்தார். சொல்லவில்லை என்றால் சொன்னதையே மறந்தவர். சொன்னேன் என்றால் தொழிலை மறந்தவர். தெரிந்தேதான் சொன்னேன் என்று சொல்லலாம், அப்படிச் சொன்னால் நெற்றி வீங்கி நிற்கும் பெண்டாட்டி முன்னால், கூலிக்கு வந்தவன் செய்தால்கூட அவர் மன்னிக்காத ஒன்றைத் தாமே செய்தவர் ஆவார். அவர் வாய் திறந்தபடியே நின்றது. அவளோடு வாழ்ந்த காலத்தில் முதல் தடவையாக, அந்த வாயிலிருந்து ஒன்றும் வரவில்லை.

"என்னையே இதுக்காக ஒரு வாரம் வேலைக்கு வராதன்னு துரத்தினாரு அண்ணி" என்று ஒல்லி மெதுவாகச் சொன்னான். அவன் கண் கலங்கியிருந்தது. "தொங்கறப்ப இறுக்கினேன்னு எல்லார் முன்னாடியும் நிறுத்தி வெச்சு... அந்த மனுஷனா இப்படி..." மேலே பேசாமல் அவருடைய செத்துப்போன வலது கையை எடுத்துத் தடவிக் கொடுத்தான். "ரெஸ்ட் எடுங்கண்ணே. மண்டையப் போட்டுக் குழப்பிக்காதீங்க."

கிளம்பும்போது ஒல்லி வாசலில் அவளிடம் ரகசியமாக, "டாக்டர்கிட்டக் காட்டுங்க அண்ணி" என்றான். அந்த லாரிக்கு அவர் சொன்ன பதிலைப் பற்றி யாரும் பேசவில்லை.

மறுவாரம் வந்தார்கள், போனை வெளியே எடுக்கவில்லை. வெயிலைப் பற்றிப் பேசினார்கள். நன்றாகச் சாப்பிடுகிறாரா என்று அவரை விட்டுவிட்டு அவளிடம் கேட்டார்கள். அப்புறம் மாதம் ஒரு முறை என்று ஆனது.

அந்த நாட்களில் அவள் வண்டியை மறுபடி தூக்கி, புதுப் புஷ் போட்டு, நாலு சக்கரமும் தரையில் நின்ற பிறகு கீழே ஊர்ந்து போய் போல்ட்டுகளை இறுக்கினாள். நாற்காலியை அவர் கேட்கவில்லை. அவளும் போடவில்லை.

ஒல்லி விஷயத்தைப் போனில், வெளியூரில் இருந்த மகளிடம் சொல்லியிருந்தான். அப்பாவின் ஞாபகத்தையும் சோதித்துப் பார்க்கச் சொல்லி மகள் அழுதுகொண்டே சிகிச்சை நிலையத்துக்குப் பேசினாள். அடுத்த முறை போனபோது, கைகால் பயிற்சி முடிந்ததும் ஒரு சின்னப் பெண் சிரித்த முகத்தோடு அட்டைகளைக் கொண்டுவந்து போர்மேனுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"இன்னைக்கு என்ன கிழமை தாத்தா? சொல்லுங்க பாப்போம்."

"வியாழன்."

"சூப்பர். இது என்ன படம்?"

அட்டையில் ஒரு சிவப்புக் கார் வரைந்திருந்தது. குழந்தைகள் புத்தகத்தில் வருகிற மாதிரி, உருண்டைச் சக்கரங்களோடு.

போர்மேன் அந்தச் சக்கரங்களையே பார்த்தார்.

"யோசிங்க, அவசரமில்ல. ரோட்டுல ஓடும். நாலு சக்கரம் இருக்கும்."

அவர் தலையைத் திருப்பி, சுவரோரம் உட்கார்ந்திருந்த மனைவியைப் பார்த்தார். அந்தப் பார்வையில் இதுவரை அவள் பார்த்தறியாத ஒன்று இருந்தது. அவர் கேட்கிறார். அவரிடமிருந்து எதையும் கேட்டு வாங்கியே பழகியவளிடம், இதை நிறுத்தச் சொல்லு என்று அவர் கேட்கிறார். அவள் மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"கார்" என்றார் கடைசியில்.

அந்தப் பெண் கைதட்டினாள். ஏட்டில் ஏதோ குறித்துக்கொண்டாள். பதில் வர நேரமானதைத்தான் குறித்திருக்க வேண்டும்.

அன்று திரும்பும் வழியில் இருபது நிமிடமும் அவர் பேசவில்லை. கியரைப் பற்றியும் இல்லை, பிரேக்கைப் பற்றியும் இல்லை. வண்டி சத்தமில்லாமல் ஓடியது. வீட்டு வாசலில் நிறுத்தி அவள் பெல்ட்டைக் கழற்றிவிடக் குனிந்தபோது, "அவனுங்ககிட்ட சொல்லிடு" என்றார்.

"என்னன்னு?"

"எனக்கு ஒண்ணும் மறந்துபோகலன்னு."

அவள் பெல்ட்டைக் கழற்றி முடித்தாள். "சொல்றேன். எல்லாம் தெரிஞ்சுக்கிட்டே, நான் தோத்துப்போகணும்னு வேணும்னே தப்பாச் சொன்னாருன்னு சொல்றேன். நெத்தி வீங்கி வந்து நின்னப்ப ரெண்டு வாய் கூடச் சாப்பிட்டாருன்னும் சொல்றேன். மகளுக்கும் சேத்துச் சொல்லிடறேன். சொல்லட்டுமா?"

பதிலுக்கு அவள் காத்திருந்தாள். அவசரப்படுத்தவில்லை. தெருவில் ஒரு சைக்கிள் போனது, அதற்குப் பின்னால் இன்னொன்று.

"வேண்டாம்" என்றார் போர்மேன். "மறந்துபோச்சுன்னே இருக்கட்டும்."

அதற்கப்புறம் மூன்று வருடம் இருந்தார். அவள் அவரைக் குளிப்பாட்டினாள், ஊட்டினாள், வேளைக்கு மாத்திரை கொடுத்தாள், புண் வராமல் புரட்டிப் போட்டாள். ஒரு குறையும் வைக்கவில்லை என்று தெருவே சொன்னது. வீடு அமைதியாக இருந்தது. அந்த அமைதி அவளுக்குப் பிடித்திருந்தது. எப்போதாவது, வெளியே ஏதாவது வண்டி இருமிக்கொண்டு போகும்போது, கட்டிலில் அவர் கண்ணை மூடிக் காதைக் கொடுப்பதும் உதடு அசைவதும் தெரியும். என்ன என்று அவள் கேட்க மாட்டாள். ஒரே ஒரு நாள் கேட்கலாமா என்று அவருடைய அறை வாசல்வரை வந்தாள். பிறகு சமையலறைக்குத் திரும்பிப் போய்விட்டாள்.

அவர் போனபோது கொட்டகையிலிருந்து முப்பது பேருக்கு மேல் வந்திருந்தார்கள். ஒல்லிதான் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தான்: எப்பேர்ப்பட்ட தொழில்காரன், கடைசியில் பாவம், ஒரு போல்ட் எப்போது இறுக்கணும் என்பதுகூட நினைவில்லாமல் போய்விட்டது. கேட்டவர்கள் உச்சுக் கொட்டினார்கள். சிலர் அவள் பக்கம் திரும்பித் தலையசைத்தார்கள். அவளும் தலையசைத்தாள்.

எல்லோரும் போன பிறகு மகள் அம்மாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அழுது முகம் உப்பியிருந்தது.

"கடைசிவரைக்கும் உன்னையாவது அவருக்கு அடையாளம் தெரிஞ்சுதாம்மா?"

"நல்லாவே தெரிஞ்சுது" என்றாள் அவள்.